‘இது எங்க வீடு, வெளியே போ’ என்று சொன்னால்

வீட்டுக்குள் விழுகிற அடி வெளியே தெரிந்துவிட்டால், நம் திருநெல்வேலிப் பக்கத்தில் முதலில் கூடுவது ஊர்ப் பெரியவர்கள். மேலப்பாளையம் என்றால் ஜமாத், கிறிஸ்தவ ஊர் என்றால் சபை ஐயர். நாலு பேர் முன்னால் அடித்தவர் ‘இனிமே கை நீட்ட மாட்டேன்’ என்பார். அடிபட்டவளிடம் ‘பொறுத்துப் போடி, பிள்ளைகள் இருக்குல்லா’ என்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மகளிர் காவல் நிலையம். இந்த இரண்டு வழியும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக ஒரு வழி 2006 அக்டோபர் 26 முதல் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 நடைமுறைக்கு வந்த நாள் அது. வக்கீல்கள் ‘டி.வி. கேஸ்’ (டொமஸ்டிக் வயலன்ஸ், அதாவது குடும்ப வன்முறை கேஸ்) என்று சொல்வது இதைத்தான்.

அடிபட்டு வருகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் புருஷனை உள்ளே தள்ள வேண்டும் என்று கேட்பதில்லை. அடி நிற்க வேண்டும், இருக்க இடம் வேண்டும், பிள்ளைகள் கூட இருக்க வேண்டும், மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். போலீஸ் வழக்கு இந்த நான்கில் எதையும் தராது. கணவன் வீட்டார் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவாகியிருக்கிறது. அதில் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் அது தண்டனைக்கான சட்டம், சோறு போடாது. இந்த நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம் என்பது டி.வி. சட்டத்தில்தான். இரண்டு வழக்கையும் ஒரே நேரத்தில் போடலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. விவாகரத்து கேட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

முதலில் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் மிரட்டலே அங்கேதான் தொடங்குகிறது. ‘வீடு எங்க அப்பா பேர்ல இருக்கு, உனக்கு இங்க என்ன இருக்கு?’ சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதற்கு நேரான பதில்: பகிர்ந்து வாழும் வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி, வாடகை வீடாக இருந்தாலும் சரி. மாமனார் மாமியார் பேரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு இந்த உரிமை கிடையாது என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று இருந்தது. பதினான்கு வருடம் அதைக் காட்டியே பெண்களை வெளியேற்றினார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றமே அது தவறு என்று மாற்றிவிட்டது. இன்னும் பழைய தீர்ப்பைச் சொல்லிப் பயம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம்.

இது சொத்துரிமை அல்ல, வசிக்கும் உரிமை. மாமனார் சிவில் கோர்ட்டில் முறைப்படி வழக்குப் போட்டு வெளியேற்றக் கேட்கலாம். சாமானை அள்ளித் தெருவில் போடவோ, பூட்டை மாற்றவோ, கரண்டைப் பிடுங்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை. முதியோர் சட்டத்தைக் காட்டி மருமகளை உடனே வெளியேற்றவும் முடியாது, 2020 டிசம்பரில் வந்த எஸ்.வனிதா தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. 19-ஆவது பிரிவில், அடிப்பவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அதிகாரம் உண்டு. ஆனால் மாமியார், நாத்தனார் என்று எந்தப் பெண்ணையும் அப்படி வெளியேற்ற உத்தரவிட முடியாது. அதனால் கூட்டுக்குடும்பத்தில் மாமியாரால்தான் தொல்லை என்றால் வேறு விதமாகக் கேட்க வேண்டும்: அடுக்களையோடு ஒரு பகுதியைத் தனக்கு ஒதுக்கி, அதற்குள் யாரும் வரக்கூடாது என்று. அல்லது அதே தரத்தில் வேறு வீடு, இல்லையென்றால் வாடகை.

ஏற்கெனவே தாய் வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் ‘இனி என்ன செய்ய’ என்று விட்டுவிட வேண்டாம். மனு போடும் நாளில் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. வெளியேறி ஒரு வருடம் ஆகிவிட்டால் மனு செல்லாது என்ற வாதமும், நம் தமிழ்நாட்டு வழக்கான காமாட்சி வழக்கில் அதே ஆண்டு விழுந்துவிட்டது. 85-ஆவது பிரிவு வழக்குக்குத்தான் 3 ஆண்டு காலவரம்பு. ஊர் விட்டு ஊர் போவதும் வேண்டியதில்லை. மும்பைக்கோ திருப்பூருக்கோ கட்டிக்கொடுத்த பெண் அம்பாசமுத்திரத்தில் தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலே போதும், அம்பாசமுத்திரம் கோர்ட்டிலேயே போடலாம். உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். போலீஸ் வழக்கையும் தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுக்கலாம் என்று 2019-இல் ரூபாலி தேவி வழக்கு சொல்லிவிட்டது.

மனைவி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மகனிடம் அடிவாங்கும் தாய், அண்ணன் வீட்டில் இருக்கும் தங்கை, விதவை மருமகள், தாலி கட்டாமல் கணவன் மனைவியாகவே வாழ்ந்தவள் எல்லோரும் மனு போடலாம். திருமணம் பதிவாகியிருக்க வேண்டியதில்லை. கல்யாண போட்டோ, பத்திரிகை, ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று போதும். வயதான தகப்பனாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவருக்கு 2007-ஆம் ஆண்டு முதியோர் சட்டம் இருக்கிறது, மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்யவும் அங்கேயே கேட்கலாம்.

எது வன்முறை? கன்னத்தில் அறைவது மட்டும் அல்ல. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று ஏசுவதைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பீடி சுற்றிய கூலியைப் பிடுங்குவது, பி.எஃப். பணத்தை எடுத்துத் தரச்சொல்லி அடிப்பது, அரிசி பருப்புக்குக் காசு தராமல் இருப்பது, சீர்வரிசை நகையைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறை. விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவதும் இதில் வரும். மனைவி 18 வயதுக்கு மேற்பட்டவள் என்றால் கணவன் செய்வதைக் குற்றவியல் சட்டம் இன்னும் வன்புணர்ச்சி என்று ஏற்கவில்லை. இது பெரிய அநியாயம். ஆனால் டி.வி. மனுவில் அதைப் பாலியல் வன்முறையாக எழுதலாம், எழுத வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் தனி அறையில் விசாரிக்கும்படி கேட்கலாம், 16-ஆவது பிரிவு அதற்குத்தான்.

இனி நடைமுறை. வழக்கு தோற்பதும் ஜெயிப்பதும் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், ஆஸ்பத்திரியில் தீர்மானமாகிறது. மாமியாரோ கணவரோ கூடவே நிற்பார்கள். டாக்டர் ‘எப்படிம்மா அடிபட்டுது?’ என்று கேட்பார். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.’ அந்த ஒரு வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுக்கும் முதல் காகிதம் அதுதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ தாலுகா ஆஸ்பத்திரியோ, ‘கூட வந்தவங்கள வெளிய இருக்கச் சொல்லுங்க டாக்டர்’ என்று கேளுங்கள். யார், எதனால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் அடித்தார் என்று சொல்லுங்கள். பதிவேட்டில் ‘தெரிந்த நபர், கணவர், கையாலும் கம்பாலும் அடித்ததாகச் சொல்கிறார்’ என்கிற மாதிரி ஏற வேண்டும். ‘கணவர்’ என்ற சொல் விழுந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே எழுந்திருங்கள். அந்த விபத்துப் பதிவேட்டு நகலின் (ஏ.ஆர். காப்பி) எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகார் இல்லாமல் வைத்தியம் பார்க்க மாட்டோம் என்று சொல்ல ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை. காயம் ரத்தம் கட்டி நீலமாவது மறுநாள்தான், அதனால் அன்றைக்கும் மறுநாளும் போட்டோ எடுக்க வேண்டும். ஒன்று முகத்தோடு சேர்த்து, ஒன்று காயத்துக்குப் பக்கத்தில்.

காவல் நிலையத்தில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. குடும்பத் தகராறில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. அதை வைத்துத்தான் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அதுவரை கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. ஆனாலும் வாங்காமல் வரக்கூடாது, புகார் கொடுத்த தேதிக்கு அது அத்தாட்சி. பேச்சுவார்த்தை முடிவில் எழுதி வாங்குவார்கள். ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை, நாங்கள் சமாதானமாகப் போகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், இரண்டு மாதம் கழித்து அடுத்த அடி விழும்போது அதே காகிதத்தை உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். சேர்ந்து வாழ விருப்பம் இருந்தால் இப்படி எழுதுங்கள்: ‘புகாரில் சொன்னவை உண்மை. பிள்ளைகளுக்காக இப்போது சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன். மீண்டும் நடந்தால் நடவடிக்கை எடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ அதில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகாரையே வாங்காவிட்டால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மாநகர எல்லை என்றால் காவல் ஆணையர். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அதற்கும் மசியாவிட்டால் நடுவரிடம் போக அது வேண்டும். இதெல்லாம் தண்டனை வழக்குக்கு. டி.வி. மனுவுக்குக் காவல் நிலையத்தின் சம்மதம் எதுவும் தேவையில்லை. பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி இருக்கிறது, பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்றெல்லாம் எடுத்துச் சொல்வது 5-ஆவது பிரிவின்படி போலீஸின் கடமை. சொல்வது குறைவு, அதனால் நீங்களே கேளுங்கள்.

பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூகநலத் துறையில் இருப்பவர். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் போய் சமூகநல அலுவலகம் என்று கேட்டால் காட்டுவார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம், அங்கே போக வேண்டும். போக முடியாதவர்கள் 181-க்குப் போன் செய்யலாம், உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடம் உண்டு. பாதுகாப்பு அலுவலர் செய்யும் முதல் வேலை குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரிப்பது. அது இல்லாமலும் வக்கீல் வழியாக நேரே மனு போடலாம். ஆனால் வக்கீல் பீஸுக்கு வழியில்லாதவர்களுக்கு அறிக்கையோடு போவது பலம். வக்கீலையும் இலவசமாகப் பெறலாம். பெண்ணுக்கு இலவச சட்ட உதவி கொடுக்க வருமான வரம்பு கிடையாது. வேலைக்குப் போகிறாள் என்றோ, தகப்பன் பணக்காரர் என்றோ மறுக்க முடியாது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு. தொலைபேசி 15100.

மனுவில் கெடுவது இரண்டு இடம். முதலாவது, ‘அடிக்கடி அடித்துக் கொடுமைப்படுத்தினார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது. அதை வைத்து எந்த நடுவரும் உத்தரவு போட முடியாது. நாள் ஞாபகமில்லை என்பார்கள். விசேஷத்தை வைத்துக் கேட்டால் வந்துவிடும். ‘நெல்லையப்பர் தேருக்கு மறுநாள்’, ‘ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்ட்டு வந்த ராத்திரி’, ‘சின்னவளுக்குக் காதுகுத்துக்கு முந்தின வாரம்’. அந்த வருடக் காலண்டரைப் பார்த்துத் தேதியாக்குங்கள். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் நாலு வரி: என்ன நடந்தது, எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள், பிறகு எங்கே போனீர்கள். எல்லாச் சம்பவமும் வேண்டாம். முதல் அடி, மிக மோசமான அடி, கடைசி அடி, இந்த மூன்றும் துல்லியமாக இருந்தால் மற்றவை சுருக்கமாக இருக்கலாம்.

இரண்டாவது, குடும்பம் முழுவதையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது. சென்னையில் இருக்கும் நாத்தனார், அவள் வீட்டுக்காரர், பெரிய மாமனார் என்று எட்டுப் பேரைப் போட்டால் அந்த எட்டுப் பேரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போடுவார்கள். மூல வழக்கு அங்கேயே மாதக்கணக்கில் தங்கிவிடும். செய்தவரை மட்டும் சேர்ப்பதே நல்லது. கோபத்தில் பட்டியல் நீளுவது புரிகிறது. ஆனால் நீளும் ஒவ்வொரு பெயரும் உங்கள் சாப்பாட்டுப் பணத்தைத் தள்ளிப்போடும்.

மனுவோடு சேர்த்து 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டுப் பலர் தவிக்கிறார்கள். மனு கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும். இடைக்கால உத்தரவுக்குத் தனி பிரமாணப் பத்திரம் உண்டு. நெருக்கடி இருந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே நடுவர் உத்தரவிடலாம். கேட்க வேண்டியதைத் தனித்தனியாக எழுதுங்கள்: அடிக்கக்கூடாது, பள்ளிக்கூடத்துக்கோ வேலை இடத்துக்கோ வரக்கூடாது, வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, லாக்கரைத் திறக்கக்கூடாது, நகையைத் திருப்பித் தர வேண்டும், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, மாதம் இவ்வளவு ரூபாய். கேட்காததைக் கோர்ட் தராது. நகைக்கு எடை, பில், கல்யாண போட்டோவில் கழுத்தில் தெரியும் உருப்படி எல்லாம் வேண்டும். ‘வரதட்சணை கொடுத்தோம்னு சொன்னா நம்ம மேலயும் கேஸ் வருமே’ என்று பயப்படுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

பணம் கேட்கும்போது இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கிடைக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்பு வகுத்தது. அதனால் ஒரு மாதம் தள்ளினால் ஒரு மாதப் பணம் போனது. உங்களுக்கு வேலை இருந்தால் மறைக்காதீர்கள், மாட்டிக்கொண்டால் மற்ற உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும். அவர் சம்பளக்காரர் என்றால் முதலாளியே நேரடியாகச் செலுத்தும்படி 20-ஆவது பிரிவில் கேட்கலாம். வளைகுடாவில் இருப்பவர் என்றால் கம்பெனி பெயர், பாஸ்போர்ட் எண், பணம் அனுப்பிய வங்கி விவரம் எல்லாம் வீட்டில் இருக்கும்போதே போட்டோ எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஆபத்தான ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்ததிலிருந்து 85-ஆவது பிரிவு வழக்கில் உடனே கைது கிடையாது. நோட்டீஸ் கொடுத்து விசாரித்து அனுப்புவார்கள். ‘கேஸ் போட்டாச்சு, இனி உள்ளே வைத்துவிடுவார்கள்’ என்று நம்பி அதே வீட்டில் இருந்தால், நோட்டீஸை வாங்கிக்கொண்டு சாயங்காலம் அவர் அந்த வீட்டுக்குத்தான் வருவார். புகார் கொடுக்கும் அன்றைக்கு எங்கே படுப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே இருப்பதானால் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவை வாங்கிய பிறகு இருங்கள். கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் செத்துப்போனால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் உயிரோடு இருக்கும்போது எங்கே போக வேண்டும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை.

உத்தரவு கிடைத்ததும் அதன் நகல் உங்களுக்கு இலவசம், காவல் நிலையத்துக்கும் ஒன்று போக வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள். மீறினால் 31-ஆவது பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அடிக்கக்கூடாது, வரக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் இந்த வேகம். பணம் தராவிட்டால் அதே நடுவரிடம் வசூல் மனு போட வேண்டும். தனியாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவில் ஜீவனாம்சம் வாங்கியிருப்பவர்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று இருந்தது அது, பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். ‘மொத்தமாகச் சேரட்டும், பிறகு கேட்கலாம்’ என்று மூன்று வருடம் காத்திருந்தால் வாரண்ட் கேட்டு வாங்க முடிவது கடைசி ஒரு வருடப் பாக்கிக்குத்தான்.